சளி என்று எழுதினேன்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடம் ஊரையே மேலே ஏற்றி இறக்கியவர், தான் மட்டும் படியில்தான் போவார். கேட்டால், "எவன் ரிப்பேர் பண்ணானோ!" என்று கண்ணடிப்பார்.

நான் ரத்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். மறதி நோய் வந்தவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புச் செல்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கிறோம். ஒப்பிட, அதே வயதில் நோயில்லாதவர்களும் வேண்டும். அப்பா வருடத்துக்கு ஒருமுறை வந்து கையை நீட்டுவார்.

"மூளைக்கு வர்ற வியாதிக்குக் கையில எதுக்குடா குத்துறீங்க?"

"லிஃப்ட் மூணாவது மாடியில நின்னா நீங்க மொட்டை மாடி மெஷினைத்தானேப்பா போய்ப் பாக்குறீங்க?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

மூன்றாவது வருடம் அவர் செல்களைத் திரையில் பார்த்தேன். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள் கூடியிருந்தன. புதியதை எதிர்கொள்ளும் செல்கள் குறைந்திருந்தன. எங்கள் நோயாளிகள் பலரிடம் பார்த்த அதே படம். வயதானாலும் அப்படி ஆகலாம். சளி பிடித்தாலும் எண்ணிக்கை மாறும். சளி இருந்தால் மாதிரியை ஒதுக்கிவிடுவது எங்கள் விதி.

போன் செய்தேன். "அப்பா, போன வாரம் சளி கிளி இருந்துச்சா?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நீதான்டா தும்மிக்கிட்டுத் திரிஞ்ச. அதையும் நான்தான் சொல்லணுமா?"

படிவத்தில் ‘சளி’ என்று எழுதினேன். மாதிரி ஒதுக்கப்பட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வருடம், அவரே இருபது வருடம் பராமரித்த கட்டடத்தின் லிஃப்டில், எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்.

கடைசி மாதங்களில் என்னைப் பார்த்து, "தம்பி எந்தக் கம்பெனி?" என்பார்.

"உங்க கம்பெனிதான் சார்."

"அப்ப நல்ல பையனாத்தான் இருப்ப" என்று நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விடுவார்.

போன மாதம் போய்விட்டார்.

நேற்று ஆய்வின் தலைவியிடம் போய்ச் சொன்னேன். "அப்பாவுக்குச் சளி இல்ல மேடம். நான்தான் பொய்யா எழுதினேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு குழாய் ரத்தத்த வச்சு இந்த நோயச் சொல்ல முடியாது. உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம். ஆனா அந்த வருஷம் இன்னும் நாலு தடவ வீட்டுக்குப் போயிருப்பேன்."

அவர் பதிவைத் திறந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

‘சளி’யை அடித்து ‘இல்லை’ என்று எழுதினேன். பிறகு நோய் உறுதியானதையும் சேர்த்தேன். திருத்தத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

‘கேட்டபோது இவர் சரியாகத்தான் சொன்னார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.