பத்துப் பேர் வேண்டும்

எங்கள் கல்லூரியின் நிலவியல் துறையில் கல் அறுப்பது என் வேலை. ஆசிரியர்கள் கொண்டுவரும் கல்லைத் தலைமுடியைவிட மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பேன். அவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்பார்கள். ஈசூனில் இருக்கும் என் தங்கைக்கு இன்றுவரை இது புரியவில்லை. "முழுக் கல்ல ஒண்ணுமில்லாம ஆக்குறதுக்கா சம்பளம்?" என்பாள்.

போன வருடத் தொடக்கத்திலேயே மேலிடத்து உத்தரவு வந்தது. வருட முடிவில் பத்து மாணவர்களாவது நிலவியலை முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் துறையை சிவில் எஞ்சினியரிங்கோடு சேர்த்துவிடுவார்கள், என் அறையையும் மூடிவிடுவார்கள். எங்கள் துறைத்தலைவருக்குத் தூக்கம் போயிற்று. என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தங்கமான மனிதர், ஆனால் கல்லைக் கண்டால் நிதானம் போய்விடும். ஒருமுறை லிட்டில் இந்தியா பாத்திரக்கடையில் விற்பனைக்கு வைத்திருந்த அம்மியை, நிறம் தெரிய வேண்டுமென்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கடைக்காரம்மா முறைத்த முறைப்பில் அந்த அம்மியை நான் வாங்க வேண்டியதாயிற்று.

மாணவர்களை இழுக்க அவர் போட்ட திட்டம், களப்பயணம். முதலாண்டுப் பிள்ளைகளைச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனோம். பூமிக்கு அடியிலிருந்து சூடு எப்படி மேலே வருகிறது என்று அவர் உருகி உருகிச் சொல்ல, பிள்ளைகள் முட்டை அவிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அவரா விடுவார்? திரும்பும் வழியில் ஒரு பூங்காவில் பெரிய பாறையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. விரிசலைப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்கென்று சத்தம். உள்ளே வெறும் காற்று! தண்ணீர்ப் பம்பை மறைக்க யாரோ சிமென்ட்டில் செய்துவைத்த பாறை அது.

"சார், இது எத்தனை மில்லியன் வருஷம் லா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவ்வளவுதான், கூட்டம் புல்லில் விழுந்து புரண்டு சிரித்தது. பஸ்ஸில் அவர் சுத்தியலைப் பைக்கு அடியில் தள்ளி ஒளித்துவைத்தார். எனக்குச் சிரிப்பும் தாங்கவில்லை, பாவமாகவும் இருந்தது.

பெயர் கொடுக்கும் கடைசி நாள் மாலை, அவர் என் அறைக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒன்பது பேருதான் அக்கா. ஒருத்தர் குறையுது."

"உங்கள கிண்டல் பண்ணுச்சே, அந்தப் பொண்ணு?"

"அதுதான் முதல்ல பேர் கொடுத்துச்சு."

நான் மெஷினை நிறுத்தினேன். "வேலை செய்யுறவங்க பார்ட் டைமா சேரலாமா சார்?"

"சேரலாம். யாரு?"

"நான்தான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "அக்கா, வேலை போயிடும்னு பயந்து இத செய்யாதீங்க. வேற டிபார்ட்மென்ட்ல போட்டுடுவாங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இருபது வருஷமா உங்க எல்லாருக்கும் அறுத்துத் தரேன். உள்ள என்ன இருக்கு, நீங்களும் வந்து பாருங்கன்னு ஒருத்தராவது என்னைக் கூப்பிட்டிருக்கீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய் மைக்ராஸ்கோப் அறையைத் திறந்து விளக்கைப் போட்டார். "வாங்க அக்கா," என்று நாற்காலியை இழுத்துவிட்டார். "சேர்ற ஃபார்ம் அப்புறம்."