இடது ஸ்பீக்கர்

காலை பத்தேகால். புது ஹோம் தியேட்டரைத் திருப்பினேன். பின்பக்கம் சிவப்பும் கறுப்புமாக முனைகள். நிறம் பார்த்து வயர்களைச் சொருகிப் பாட்டுப் போட்டேன்.

சோபாவில் இருந்த கணவர், "இடது ஸ்பீக்கர் பாடலயே" என்றார்.

எனக்குக் கேட்டது. கையை வைத்தால் அதிர்ந்தது. ஆனாலும் கழற்றி மாட்டினேன்.

"ரெண்டு வயரு சொருவ இவ்ளோ நேரமா? மைன்ஸ்ல இந்நேரம் கன்வேயர் பெல்ட்டையே மாத்தியிருப்போம்" என்று எழுந்து வந்தவர், ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "இப்ப இடது பாடுது, வலது நின்னுபோச்சு."

நான் எதையும் தொடவில்லை. சந்தேகம் தட்ட, அவருடைய இடது காதருகே விரலைச் சொடுக்கினேன். அவர் அசையவில்லை. வலது காதருகே சொடுக்கினேன். திரும்பினார்.

"எப்பலேருந்துங்க?"

"தெரியல. யாருகிட்டயும் சொல்லாத. காது கேக்காதவன கான்ட்ராக்ட்ல வச்சுக்க மாட்டாங்க."

சாப்பிட்டுவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போனார்.