ஏழாம் கட்டிலுக்கு ஒன்றுமில்லை

எனக்கு முன்கோபம் உண்டு. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைபட வேண்டாம். இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மாஸ்டராக அடுப்போடு மல்லுக்கட்டியவனுக்குக் கோபம் வராமல் குளிரா வரும்? ஆனால் இது என் கதையில்லை. எங்களோடு வேலை பார்த்த லிஸ்டக்காவின் கதை. என்னைவிடப் பத்து வயது இளையவர்தான். ஊரே அக்கா என்றதால் எனக்கும் அக்கா.

லிஸ்டக்கா முதலில் பாத்திரம் கழுவும் பக்கத்தில் ஆறு வருடம் இருந்தார். சோப்புத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். வீட்டில் மாவு பிசையக்கூட முடியாமல் கணவரைக் கூப்பிடுவாராம். பட்டியல் எழுதும் மேசை காலியானதும் மேனேஜரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்துதான் லிஸ்டக்கா என்ற பெயர். மூன்று வார்டு, முப்பத்தாறு கட்டில். யாருக்குக் கஞ்சி, யாருக்கு உப்பில்லாத சூப், யாருக்கு வெறும் பால் என்று வார்டுச் சீட்டுகளைப் பார்த்து ஒரு நாளைக்கு மூன்று வேளை எழுத வேண்டும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நான் டிராலியில் தட்டு அடுக்குவேன்.

யானைக்கும் அடி சறுக்கும். ஒருநாள் நாலாம் கட்டிலையும் பதினாலாம் கட்டிலையும் மாற்றி எழுதிவிட்டார். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை போட்ட பால் போய்விட்டது. மேனேஜரம்மா கூப்பிட்டு, “இன்னொரு தப்பு வந்துச்சுன்னா லிஸ்ட்டை வெளி ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க பழையபடி கழுவுற பக்கம் போயிடணும்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

லிஸ்டக்கா அழவில்லை. நூலகத்தில் மாலை வேளையில் இலவசமாகக் கம்ப்யூட்டர் மொழி சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கொழுந்தன் கழித்துப் போட்ட லேப்டாப், அதில் இரண்டு பொத்தான் உதிர்ந்திருந்தது. “ஆழம் தெரியாம காலை விடாதே” என்று வாய் வரைக்கும் வந்தது எனக்கு. சொல்லியும்விட்டேன்.

“விட்டாத்தானேண்ணே ஆழம் தெரியும்” என்றார்.

ஒரு மாதம் கழித்து முதல் சீட்டை அச்சடித்துக்கொண்டு வந்தார். பார்த்ததும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே வரியாக ஓடியது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று.

“என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி? இதை வெச்சு நான் தட்டு அடுக்கணுமா?” என்று கத்தினேன்.

“கத்தாதீங்கண்ணே. உங்க டிராலிதான் இது. டிராலிக்குள்ள தட்டு, தட்டுக்குள்ள கிண்ணம். அதேபோல வார்டுங்கிற பட்டியலுக்குள்ள கட்டில், கட்டிலுக்குள்ள சாப்பாட்டுப் பட்டியல். மொத்தமா அச்சடின்னு சொன்னேன், மொத்தமாக் கொட்டிடுச்சு. ஒவ்வொண்ணா எடுத்து அச்சடின்னு சொல்லணும்.”

அடுத்த வாரம் அப்படியே செய்திருந்தார். ஒவ்வொரு வார்டாக எடு, அதற்குள் ஒவ்வொரு கட்டிலாக எடு, அதற்குள் ஒவ்வொரு உணவாக எடுத்து ஒரு வரி அச்சடி. வார்டின் பெயர் ஓரத்தில் தடித்த எழுத்தில் வந்தது. அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி, ‘கட்டில் 5 – கஞ்சி’, ‘கட்டில் 5 – பால்’ என்று வரி வரியாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. பொது வார்டுகள் இரண்டிலும் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிசகு இல்லை. எனக்கே உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்வேனா?

மூன்றாவது வாரம் ஆபரேஷன் வார்டையும் சேர்த்தார். அங்கேதான் வினை.

அன்று காலை லிஸ்டக்கா சீட்டைக் கொடுத்துவிட்டு மதியச் சீட்டுகளை வாங்க மாடிக்குப் போய்விட்டார். நான் அடுக்கிக்கொண்டே வருகிறேன். கட்டில் 6 இருக்கிறது, அடுத்து கட்டில் 8. ஏழைக் காணோம். கையெழுத்துச் சீட்டாக இருந்த காலத்தில் எல்லா எண்ணும் இருக்கும். ஒன்றும் கொடுக்கக் கூடாதவருக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பார். இதில் எண்ணே இல்லை. ‘கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சு, பாவம் அந்த மனுஷன்’ என்று நினைத்தேன். என் சமையலறையிலிருந்து ஒரு கட்டில் பட்டினி கிடந்தது என்ற பேச்சு வரக் கூடாது, அது என் வைராக்கியம். யாரையும் கேட்கவில்லை. ஒரு ரொட்டி, ஒரு டம்ளர் பால், என் கையாலேயே வைத்து அனுப்பினேன்.

ஏழாம் கட்டிலுக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். சிஸ்டர் பார்த்துவிட்டு ஓடிவந்து பிடுங்குவதற்குள் அரை டம்ளர் பால் உள்ளே போய்விட்டது. ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள். அந்த ஆளின் மனைவி வராந்தாவில் நின்று போட்ட சத்தம் கீழே அடுப்படி வரைக்கும் கேட்டது. நியாயமான சத்தம்.

மேனேஜரம்மா எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார். லிஸ்டக்கா சீட்டை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டுவிட்டது.

“தப்பு என்னோடதுதான் மேடம். சாப்பாட்டுக்கு ஒரு வரின்னு எழுதியிருக்கேன். சாப்பாடே இல்லாத கட்டிலுக்கு வரியே வராது. அதை நான் யோசிக்கலை. கிண்ணம் இல்லைன்னாலும் தட்டு இருக்கணும்.”

“அப்ப நாளையிலேர்ந்து கழுவுற பக்கம் போயிடுங்க” என்றார் மேனேஜரம்மா.

சீட்டில் இல்லாத தட்டை யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது, இருபத்தாறு வருடத்தில் ஒரு கரும்புள்ளி இல்லை. ஊருக்கெல்லாம் கத்துகிற வாய்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை குழாயடியில் லிஸ்டக்கா இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தார். இடது பையில் ஓட்டை. அதைக் கழற்றி வேறொன்று மாட்டினார். என்னைப் பார்த்து, “டீ குடிச்சாச்சாண்ணே?” என்று எப்போதும்போலக் கேட்டார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் மேனேஜரம்மா அறைக்குப் போனேன்.

“அந்தத் தட்டை வெச்சது நான். சீட்டுல ஏழு இல்லை. இல்லாததுக்கு ஏன்னு கேக்காம, பெரிய தர்மப்பிரபு மாதிரி நான்தான் வெச்சேன். கழுவ அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க.”

எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. லிஸ்டக்காவுக்குப் பட்டியல் மேசையில் இன்னொரு மாத அவகாசம் கிடைத்தது.

குழாயடிக்குத் திரும்பி வந்து, “நான்தான்னு உனக்குத் தெரியும்ல? ஏம்மா சொல்லலை?” என்று கேட்டேன்.

“டிராலி அடுக்குறது நீங்க ஒரு ஆள்தானே? நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒரு நாள் லேட்டு” என்று பையைக் கழற்றினார்.

புரோகிராமை அன்றே திருத்திவிட்டார். முதலில் கட்டில் எண்ணை அச்சடி; உள்ளே பட்டியல் காலியாக இருந்தால் சும்மா தாண்டாதே, ஒரு வரி எழுது. என்ன வரி என்று சாயங்காலச் சீட்டில்தான் பார்த்தேன். ‘கட்டில் 3 – எதுவும் கூடாது. மாஸ்டர் இரக்கப்பட வேண்டாம்.’ சமையலறையே சிரித்தது. நான் கத்தினேன், கெஞ்சினேன், அவர் அந்த வரியை எடுக்கவில்லை. அந்த மாதம் ஒரு தப்பும் வரவில்லை. மேசை அவருக்கே நிலைத்தது.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் குடலிறக்க ஆபரேஷனுக்கு அதே ஆஸ்பத்திரியில் படுத்தேன், பதினொன்றாம் கட்டில். காலையில் டிராலி வந்தது. பத்தாம் கட்டிலில் நின்றது, என்னைத் தாண்டியது, பன்னிரண்டில் நின்றது. இரண்டு ரொட்டி, சூடான பால், வாசனை மூக்கைத் துளைத்தது.

“ஏம்மா, எனக்கு?” என்றேன், தெரிந்தும் தெரியாதவன்போல.

டிராலிக்காரப் பெண் புதுசு, என்னை யாரென்று தெரியாது. சீட்டை எடுத்துக் காட்டினாள். “உங்களுக்கு இப்படித்தான் போட்டிருக்கு பெரியவரே. எப்பவும் இப்படித்தான் வரும். யாரு அந்த மாஸ்டர்னு எங்களுக்கும் தெரியாது.”

கட்டில் 11. எதுவும் கூடாது. மாஸ்டர் இரக்கப்பட வேண்டாம்.

பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் கோபம் வரவில்லை.