சிஸ்டத்தில் இல்லாத வீடு

கூலிம் பேரங்காடியில் தொலைபேசிக் கம்பெனியின் முகப்பில் இருந்த பெண், பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் போனை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை என் கண்முன்னே உரித்தாள். "எந்தப் பேக்கேஜ் எடுத்தாலும் இது ஃப்ரீ அக்கா" என்றாள். நான் போனைப் பார்க்கவில்லை. அந்தப் புதுப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதுமே நான் வேறெங்கோ போய்விட்டேன். அதோடு கொஞ்சம் ஈயப் புகையைச் சேர்த்தால் அப்படியே எங்கள் ஃபேக்டரி. மற்றவர்களுக்குப் புதுப்பொருள் வாசனை அடித்தால் தீபாவளி ஞாபகம் வருமாம். எனக்கு ஷிப்டு ஞாபகம்தான் வருகிறது.

ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கூலிமுக்குக் கம்பெனி பஸ் ஏறியவள் நான். அழுதுகொண்டே ஏறினேன் என்று நினைத்துவிடாதீர்கள். பால்வாளியும் கொசுவும் இல்லாத எந்த ஊரும் அப்போது எனக்குச் சொர்க்கம்தான். தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, நகத்தளவு பாகங்களைப் பலகையில் பொருத்துவோம். அவை எந்தெந்த நாட்டுப் போனுக்குள் போயினவோ தெரியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மட்டும் போன் என்றால், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மேசைமேல் இருந்த ஒன்றே ஒன்றுதான்.

வேலை நிரந்தரமான அன்று, சந்தோஷம் தாங்காமல் ஹாஸ்டல் வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து அந்த ஆபீசுக்குக் கூப்பிட்டேன். கிராணி, "இரு, ஆள் அனுப்புறேன், செத்த நேரம் கழிச்சுக் கூப்புடு" என்று வைத்துவிட்டார். அனுப்பிய ஆள் வீடு தேடிப் போகிறவன் இல்லை. ஆபீஸ் வாசலில் நின்றே, "காத்தமுத்தண்ணே, ஒன் மவ விசயமா கூலிம்லேருந்து போன்!" என்று கத்துவான். அதை முதல் வீடு இரண்டாம் வீட்டுக்குச் சொல்லும், இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டுக்கு. சொல்லிக்கொண்டே வரும்போது ஆளுக்கொரு பிடி மசாலா போடாமல் இருப்பார்களா? பாதி லயத்தைத் தாண்டும்போது என் கை மிஷினில் மாட்டிக்கொண்டது. எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது நான் செத்தே போயிருந்தேன்.

மறுபடியும் கூப்பிட்டபோது போனுக்குள் ஒரே ஒப்பாரி. அம்மாவின் குரலை அதிலும் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. யார் வீட்டு எழவோ என்று நானும் பதறிப்போனேன்.

"யாரு பேசறது?" என்றார் அப்பா.

"நாந்தாம்ப்பா."

"நீயா? நீ எப்படிம்மா பேசற?"

நிரந்தரமான கதையைச் சொன்னேன். அப்பா ஒப்பாரியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பிறகு, "இதச் சொல்லவா போன் போட்ட? தோட்டத்துக்குப் போன் வந்தா சாவுன்னு ஒனக்குத் தெரியாது? இனிமே எதுன்னாலும் கடுதாசி எழுது" என்று வைத்துவிட்டார். அடுத்த லீவுக்குப் போனபோது லயத்துப் பெண்கள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பொய்ச்சாவு வந்தவளுக்கு ஆயுசு கெட்டியாம். இருக்கலாம். இன்னும் இழுத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஆனால் அப்பா சொன்னதும் பொய்யில்லை. சில வருடம் கழித்து ஒரு மதியம், சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டு, ஆபீசில் எனக்குப் போன் என்றார். அப்பா வாழ்நாளில் தானாகச் செய்த போன் அது ஒன்றுதான். "அம்மா போயிட்டா" என்றார். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியாமல், "சரி, வேலைய முடிச்சுட்டு வா" என்றார். பாவம், போனில் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. பள்ளிக்கூடம் டவுனுக்குப் போனது. ஆபீசை மூடினார்கள், அந்தப் போனும் போனது. லயத்தில் மிஞ்சியது அப்பாவும், அடுத்த வீட்டுப் பழனி மாமாவும்தான். நிர்வாகம் அவர்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. கூலிமுக்கு வந்துவிடுங்கள் என்று நான் கேட்காத வாரம் கிடையாது. "ஒன் ஃபிளாட்டுல செருப்பு மாட்டிக்கிட்டுப் போயி நிக்க ஒரு எடம் உண்டா?" என்பார். கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். கோயில் மேட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும். "சரிதான், இனிமே விழுந்தா கோயில் மேட்டுல போய்த்தான் விழணும்" என்றார்.

அவர் விழுந்தது குளியலறையில். காலையில் விழுந்தவரை, வேலைக்குப் போயிருந்த பழனி மாமா வந்து பார்த்தது பொழுது சாய. இடுப்பு எலும்பு தப்பியது கடவுள் புண்ணியம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் வைத்தே நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் போன் இருந்தால் தோட்டம், இல்லையென்றால் கூலிம். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப லைன் போட்டுக் குடு" என்றார். போன் மணி கேட்டாலே சாவு என்று நினைக்கிற மனிதர், அங்கேயே இருப்பதற்காக அந்தப் போனைக் கேட்டார்.

அதன்பிறகு, நான் கொண்டுபோய்க் கொடுத்த தொலைபேசிக் கம்பெனி விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. சின்னப் பேக்கேஜில் போனும் இணையமும் மட்டும். நடுவில் உள்ளதில் தமிழ் அலைவரிசைகள் உண்டு. பெரியதில் பந்து விளையாட்டும் சேர்த்தி. பழனி மாமாவுக்குப் பெரியதுதான் வேண்டும்.

"பந்து இல்லாத டிவி என்னா டிவி லா?" என்றார்.

"பில்லு கட்டறது எம் மவ. நீ வந்து பந்து பாக்க அவ ஷிப்டு அடிக்கணுமா?"

"நான் வந்து பாக்கலைன்னா வேற யாருய்யா வந்து பாக்கப்போறா ஒன் டிவிய?"

அப்பா தாளைப் பழனி மாமா பக்கம் தள்ளினார். பெரியதே இருக்கட்டும் என்றார். டிவியை அம்மாவின் தையல் மிஷின் இருந்த சுவரில் மாட்டுவதென்று முடிவாயிற்று. கம்பெனிக்காரன் வந்தால் அசிங்கமாக இருக்கக் கூடாதென்று, இடுப்பு வலியோடு அந்த ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்.

இப்படித்தான் நான் அந்த முகப்பில் போய் உட்கார்ந்தேன். வாசனையும் ஞாபகமும் போதும் என்பதுபோல அந்தப் பெண் கேட்டாள், "அலாமாட் சொல்லுங்க அக்கா."

விலாசம் சொன்னேன். தட்டினாள். தோட்டத்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள், மறுபடியும் தட்டினாள். பக்கத்துக் கம்பத்துக் கிராமம் வந்தது, புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பு வந்தது, தோட்டம் வரவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டால் டவுனைக் காட்டியது. திரையை என் பக்கம் திருப்பினாள். வரைபடத்தில் எங்கள் இடம் முழுக்க ஒரே பச்சை.

"வீடே இல்லன்னு காட்டுது லா அக்கா. கேபிள் அந்தத் தாமானோட நின்னுடுது. சிம் போடற மோடம் தரலாம், ஆனா அங்கதான் சிக்னலே இல்லன்றீங்க."

"வீடு இருக்கும்மா. எங்க அப்பா அதுலதான் இருக்காரு."

"இருக்கும் அக்கா. சிஸ்டத்துல இல்ல." நல்ல பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது செய்ய வேண்டுமென்று நினைத்திருக்க வேண்டும். "உங்க ரூமா எங்க?" என்று என் வீட்டைக் கேட்டாள். சொன்னேன். ஒரே தட்டு.

"ஆ, இருக்கு! உங்க வீட்டுக்கு மூணு பேக்கேஜும் எடுக்கலாம்."

பெரிய பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட்டேன். எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை அவர் விழுந்து பகல் முழுக்கக் கிடந்தால் நான் உயிரோடு இருந்து பயனில்லை. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்தபோது, அவரை வெளியே பிடித்துத் தள்ளிவிட்டதுபோல் இருந்தது.

சொல்வதற்கு நேரில்தான் போக வேண்டியிருந்தது. அப்பா சுண்ணாம்புச் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டார்.

"எடமே இல்லேங்கறானா?"

"ஆமாம்ப்பா."

"நான் இருக்கேனேம்மா" என்றார். வாதாடவில்லை. சும்மா தெரியப்படுத்துகிறவர்போல் அதை ஒருமுறை சொல்லிவிட்டு, துணிமணிகளை எடுக்க எழுந்து போனார். பழனி மாமா சாலைவரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தனி ஆளாய் அங்கே என்ன செய்வார்? அடுத்த மாதமே அவரும் ஜித்ராவில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது கணினி சொல்வதுதான் சரி. அங்கே யாரும் இல்லை.

என் வீட்டில் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. நான் அந்தப் போனில் கூப்பிட நினைத்த மனிதர், அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். டிவியில் எது ஓடினாலும் பார்க்கிறார். மாற்றச் சொல்வதில்லை.

அப்பா தோட்டத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். "என்னப்பா விசேஷம்?" என்று கேட்டால் போதும். வாய்க்காலில் பன்றி புரண்டது, புயலில் எந்த மரம் விழுந்தது, குத்தகைக்காரன் ஆளோடு பழனி மாமா போட்ட சண்டை என்று, எனக்குப் பஸ் நேரம் தவறும்வரை ஓயமாட்டார். தோட்டத்தை நான் ஒருநாளும் தேடியதில்லை. அந்தப் பேச்சைத்தான் தேடுகிறேன்.

நேற்றும் வேலை முடிந்து வந்து, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன், "என்னப்பா விசேஷம்?"

அப்பா யோசித்தார். எனக்குச் சொல்ல எதையாவது தேடுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு டிவியைப் பார்த்துச் சொன்னார்.

"கோலாலம்பூர்ல மழையாம்மா."