இடது பக்கம் மெல்லாத நாய்

எங்கள் வீட்டு நாயைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல்யாணமாகி ஒரு மாமாங்கம் கழிந்த பிறகு, கட்டினவர் ஒரு நாய்க்குச் செய்கிற உபசாரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அவர்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். என் கணவரோடு வேலை பார்த்தவர் தில்லிக்கு மாற்றலாகிப் போனபோது தன்னுடைய பொமரேனியனை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். வயதான நாய். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டு சமர்த்தாகத்தான் இருந்தது. திடீரென்று அதற்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. இவர் அதை அடையாறில் ஒரு மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். வெறும் தயிர் சாதம் போதாது, இப்போது டாக் ஃபுட் என்று உலர்ந்த உருண்டையாகப் பாக்கெட்டில் வருகிறது, வயசுக்கும் உடம்புக்கும் தகுந்ததாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவருக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று.

குட்டிக்கானது, வளர்ந்த நாய்க்கானது, காய்கறி போட்டது, கோழி போட்டது என்று இத்தனை தினுசு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அதனால் முதலில் காய்கறி போட்டதை வாங்கி வந்தார். நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மறுநாளே கோழி வந்து சேர்ந்தது. வெங்காய சாம்பாருக்கே நாள் பார்க்கிற மனுஷர், கோழி உருண்டையை வெந்நீரில் ஊறப்போட்டு, விரலால் நசுக்கிப் பதம் பார்த்தார். நான் வடிக்கிற சாதம் குழைந்ததா விறைத்ததா என்று ஒரு நாள் கவனித்தவரில்லை.

காற்றுப் பட்டால் டாக் ஃபுட் நமுத்துவிடுமாம். என்னுடைய முறுக்கு டின்னைக் காலிசெய்து அதில் கொட்டிவைத்தார். முறுக்கு பிளாஸ்டிக் கவரில் கிடந்து நமுத்தது. அதில் எனக்கு நஷ்டமில்லை. ஆடி மாசத்திலிருந்தே எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. முறுக்கைக் காப்பியில் நனைக்காமல் தின்ன முடியாது. சாதத்தைக்கூட ஒரே பக்கமாக ஒதுக்கி மென்றுகொண்டிருந்தேன். இவரிடம் சொல்லவில்லை. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தானே, தானாகப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கட்டுமே என்று எனக்கு ஒரு வீம்பு. தீபாவளி பட்சணமும் வந்து போயிற்று. அவர் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை தி. நகருக்குப் போனோம். எனக்கு ஒரு புடவை, நாய்க்கு டாக் ஃபுட். புடவைக் கடைக்குள் இவர் வரவே இல்லை. எது எடுத்தாலும் உனக்கு நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றுகொண்டார். நானும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாண்டி பஜாரில் நாய்ச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தாரே, அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதுகில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் படித்தார். உப்பு அதிகமா, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கடைக்காரரைத் துளைத்தெடுத்தார். அந்த மனிதரும் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"உருண்டை பெர்சா ஓணுமா, சின்னதா சார்? அதுக்குப் பல்லு நல்லா கீதா?"

இவர் யோசிக்கவே இல்லை.

"இடது பக்கம் மெல்றதில்லை. எல்லாத்தையும் வலது பக்கமாத் தள்ளிண்டுதான் மெல்றது. ரெண்டு நாளாப் பாத்துண்டிருக்கேன். சின்னதாவே குடுங்கோ."

புடவைப் பையை வைத்துக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டே நாள்! அந்த நாயின் வாயைப் பார்க்க இவருக்கு ரெண்டு நாள் போதுமானதாக இருந்திருக்கிறது. நல்ல வேளை, அது வீட்டில் இருந்தது. எதிரே இருந்திருந்தால் நான் முறைத்த முறைப்பில் மிச்ச முடியும் கொட்டியிருக்கும்.

பஸ் ஸ்டாப்பில் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். கடலை என்றால் உனக்கு உயிராயிற்றே என்றார்.

"மெல்ல முடியலை. நாலு மாசமாப் பல் வலி."

நீட்டின கை அப்படியே நின்றது. "நீ சொல்லவே இல்லையே."

"அது மட்டும் சொல்லித்தா?" என்று அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த டாக் ஃபுட் பாக்கெட்டைக் காட்டினேன்.

 வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, என்னை லஸ்ஸில் பல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டதற்கு, நான் வாயைத் திறப்பதற்குள் நாலு மாசம் என்று முந்திக்கொண்டு சொன்னார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்ததென்றே சொல்ல வேண்டும்.

டாக்டர் அடுத்ததாக எந்தப் பக்கம் என்று கேட்டார்.

இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் என்னைப் பார்த்தார். என் இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்வார் என்று டாக்டரும் காத்திருந்தார்.

"இடது பக்கம்," என்றேன் கடைசியில். "எங்காத்து நாய்க்கும் அதே பக்கம்தான்."

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.