நான்கு முறை சோறு வந்த படம்

படம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் இன்றும் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. போன மாதம் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஜப்பானிய வாள்வீரர்கள் படம் ஒன்று ஓடியது. கோட்டை, குதிரை, மழை, சேறு. முடிந்ததும் மருமகன், "எப்படி மாமா?" என்றார். வயதானவனையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்ற மரியாதைக்குக் கேட்டது. நான் எழுந்துபோய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. இன்னொரு முறையும் பார்த்தேன்.

படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்பது ஒரு காலத்தில் என் வேலையாக இருந்தது.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்திரண்டு. வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டார். ரப்பர்ப் பால் வெட்டினாலும் வாங்க ஆளில்லை. அரிசி கண்ணில் படுவதில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான் மொழி படிக்க என்னைச் சுங்கைப்பட்டாணிக்கு அனுப்பினார்கள். இருபத்தாறு பேர் படித்த வகுப்பில் மூன்றாவதாகத் தேறினேன். அந்தப் பெருமையோடு திரும்பி வந்தபோது, தோட்டத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கும் வேலையும் என்னோடு வந்துவிட்டது.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்திலிருந்து முப்பத்தொரு ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். ஏழு மாதம் ஆயிற்று. ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கங்காணிக்கு அடுத்த நிலையிலுள்ள தண்டல் ஒருவர் ஒரு சிப்பாயிடம் அதைக் கேட்டார். விழுந்த அறையில் அவருக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் படம் காட்டும் லாரி வந்தது.

பந்துத் திடலில் கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். அதிகாரி ஒருவர், சிப்பாய்கள் இருவர். அந்த அதிகாரி கத்துகிறவர் அல்ல. போருக்கு முன் அவரும் ஊரில் வாத்தியாராக இருந்தாராம். என்னை "ஆசிரியரே" என்று அவர் மொழியில் கூப்பிட்டபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. படத்தின் கதையை முன்கூட்டியே சொல்லி, தகரக் குழாய் ஒன்றைக் கையில் கொடுத்து, திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லும்படி சொன்னார்.

பழைய காலத்து ஜப்பான். ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றைக் காப்பாற்ற ஒரு வீரன் போகிறான். வீட்டில் மனைவி காத்திருக்கிறாள். சண்டை. எட்டுப் பேர் சாகிறார்கள், எண்ணினேன். கடைசியில் ஓர் ஆள் மனைவியிடம் வருகிறான். ஓலைத் தொப்பியைக் கழற்றுகிறான். ஒன்றும் பேசாமல் குனிந்து வணங்கி, துணி சுற்றிய ஒரு மூட்டையை இரண்டு கையாலும் அவள் முன்னே வைக்கிறான். அவள் அழவில்லை.

கூட்டத்துக்கு அது புரியவில்லை. "என்னாத்துக்கு மூட்டை?" என்று யாரோ கேட்டார்கள். நான் குழாயை வாயில் வைத்து விளக்கினேன். "தொப்பியை எடுத்துவிட்டுக் குனிந்து வணங்கி மூட்டையை வைத்தால், வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று பொருள். அவர்கள் நாட்டில் வாயால் சொல்ல மாட்டார்கள்." முதல் பாதியைத்தான் அதிகாரி சொல்லிக் கொடுத்திருந்தார். வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது என் சொந்தச் சரக்கு. திடலே அமைதியானது. முந்நூறு பேரை ஒரு வாக்கியத்தால் அடக்கிவிட்டேன் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் பெரட்டில் அதிகாரி கருத்துக் கேட்டார். மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். முதலில் கங்காணி வந்தார்.

"சண்டைன்னு சொல்லிப்புட்டு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டுக் குந்தியிருக்கானுங்க. அடிக்கிறதுன்னா அடிச்சுட்டுப் போகணும்லா."

வீரர்களின் பொறுமையைக் கண்டு இவர் வியக்கிறார் என்றேன். அதிகாரி தலையசைத்தார்.

பால் வெட்டும் பெண் ஒருத்தி, "அந்தம்மா பல்லு ஏன் கறுப்பா இருக்கு? வெத்தலை போடுமா? அங்க மட்டும் எப்படி வெத்தலை கெடைக்குது?" என்றாள். பல்லைக் கறுப்பாக்கும் பழைய மரபைக் காக்கும் பெண்களை இவள் மதிக்கிறாள் என்றேன்.

"குதிரைதான் நல்லா நடிச்சிச்சு" என்றான் ஒரு பையன். குதிரைப்படையின் சிறப்பு என்றேன்.

வேலியோரம் நின்ற ஒரு கிழவர் கேட்காமலே முன்னே வந்தார். "நாலு வாட்டி சோறு தின்னானுங்க. வெள்ளைச் சோறு. மூணாவது வாட்டி பாதிய வச்சிட்டு எந்திரிச்சுப் போறான், பாவிப்பய. அந்தக் கிண்ணத்தை என்னா பண்ணாங்கன்னு காட்டவே இல்ல."

களமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். வீரர்களின் எளிய உணவைப் புகழ்கிறார் என்றேன். நானும் நான்கு என்றுதான் எண்ணி வைத்திருந்தேன்.

பிறகு எட்டாம் வீட்டு அக்கா வந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எட்டாவது வீடு. அவள் புருஷன் சயாமுக்குப் போன முப்பத்தொரு பேரில் ஒருவர். ஆறு வயதுப் பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"வாத்தியாரே, படத்துல போனவன் செத்தான்னா வந்து சொல்ல ஒரு ஆளு இருக்கு. எனக்கு யாரு வந்து சொல்லுவா? எங்க வீட்டுக்காரு இருக்காரா இல்லியா? இந்த ஐயாவுக்குத் தெரியும். கேட்டுச் சொல்லுங்க."

களத்தில் சிரிப்பு நின்றது. ஒரு காது கேட்காத தண்டல்கூட நிமிர்ந்து பார்த்தார். சிப்பாய்கள் இருவரும் அதிகாரிக்குப் பின்னால் நின்றார்கள். அவளை அடிப்பார்கள் என்று பயந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என்னை அடிப்பார்கள் என்றும் பயந்தேன். எது முதலில் தோன்றியது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

"இவளுடைய கணவன் சயாமில் வேலை செய்கிறான். படத்தில் வந்த மனைவியைப் போலத் தானும் கண்ணீர் விடாமல் காத்திருப்பேன் என்கிறாள்" என்றேன்.

பிழையில்லாத ஜப்பான் மொழியில்தான் சொன்னேன். மூன்றாவதாகத் தேறியவன் அல்லவா.

அதிகாரியின் முகம் மாறியது. ஒரு சிப்பாயிடம் ஏதோ சொன்னார். அவன் லாரியிலிருந்து ஒரு சிறு சாக்கைக் கொண்டு வந்தான். அதிகாரி அதைத் தானே வாங்கிக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். ஒன்றும் பேசாமல் இடுப்பு வரை குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் அந்தச் சாக்கை எட்டாம் வீட்டு அக்காவின் கால் முன்னே வைத்தார்.

அரிசி. சாக்கின் மூலையிலிருந்து நாலைந்து மணி மண்ணில் சிந்தியது.

அக்கா அதையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஐயோ, வாய்க்கரிசி குடுத்துட்டானே!" செத்தவர் வாயில் சொந்தக்காரர் இடும் அரிசியைச் சொன்னாள். அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள்.

அதிகாரி என்னிடம் திரும்பி, "ஏன் அழுகிறார்கள்?" என்றார்.

"நெகிழ்ந்துபோய்" என்றேன்.

அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

லாரி தோட்டத்து வாசலைத் தாண்டியதும் ஓடிப்போய் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். மறைக்கவில்லை, எல்லார் முன்னாலும் சொன்னேன். "அக்கா, நீங்கள் கேட்டதை நான் கேட்கவே இல்லை. வேறு ஒன்றைச் சொன்னேன். அதற்குப் பரிசாகத்தான் அரிசி. மாமா இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"நீங்க நல்ல பிள்ளை வாத்தியாரே. மனசு தாங்காமச் சொல்றீங்க. ஆனா அவன் தொப்பிய எடுத்தானே. உசிரோட இருக்கிறவனுக்கு எவன் தொப்பிய எடுப்பான்?"

"நேத்து நீங்கதானே குழாயில சொன்னீங்க, வாயால சொல்ல மாட்டாங்கன்னு" என்றார் கங்காணி. "இன்னிக்கு இல்லங்கிறீங்க. எதை நம்புறது? ஒண்ணு செய்யுங்க. அவன்கிட்டயே போய்க் கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் தாலியில கை வைக்க வேணாம்னு நான் சொல்லி வைக்கிறேன்."

நியாயமான பேச்சு. இரண்டு நாள் கழித்து லாரி கூலிம் ஊரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனேன். டயர் கிடைக்காத காலம். ரப்பர்க் குழாயை வளைத்துக் கட்டிய சக்கரம். போகும் வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டே போனேன். 'அன்று நான் தவறாக மொழிபெயர்த்தேன், மன்னிக்கவும்.' இலக்கணப்படி குறையே இல்லை.

கூலிம் கடைத்தெருவில் அதிகாரி என்னை முதலில் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பெண் சொன்னதைப் போகிற இடமெல்லாம் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். அடுத்து குருண் ஊரிலும் சொல்லப் போகிறேன். என் மனைவிக்கும் எழுதியிருக்கிறேன்" என்றார்.

வழியெல்லாம் சரிபார்த்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. "சயாமில் இருக்கும் அவள் கணவனைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவள் கேட்கச் சொன்னாளா?"

"இல்லை. நானாகக் கேட்கிறேன்."

அவர் கையை விட்டார். "நான் படம் காட்டுகிறவன். சயாமைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்களும் கேட்காதீர்கள், ஆசிரியரே."

அதைத்தான் கொண்டுவந்து சொன்னேன். தெரியாது என்கிறார். "தெரியாதவன் தொப்பிய எதுக்கு எடுத்தான்?" என்றார் கங்காணி. 'நான் சொன்ன பொய்க்காக எடுத்தார்' என்று மறுபடியும் சொன்னேன். ஆறுதலுக்கு ஒரே கதையை இரண்டு தடவை சொல்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். இன்னும் எத்தனை தடவை சொல்லியிருக்க வேண்டும்? ஐந்தா, பத்தா? நான் இரண்டோடு நிறுத்திவிட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. பையனுக்கு மொட்டை அடித்தார்கள். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டாள். சயாமுக்குப் போனவரின் வேட்டி, சட்டைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். துணியில்லாத காலம், உடனே வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சாக்கு அரிசியைத்தான் வடித்துப் பந்தி வைத்தார்கள். ஆளுக்கு ஓர் அகப்பை.

போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று போனேன். மாதக்கணக்கில் கிழங்கு தின்ற வாய். சோறு தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. ஒருவர் சாப்பிட முடியாமல் கொடுத்த இரண்டாவது அகப்பையும் இறங்கியது.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு ஒன்பது பேர் சயாமிலிருந்து திரும்பினார்கள். ஐந்தாவதாக வந்தவர் அக்காவின் புருஷன். எட்டாம் வீட்டு வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றவரைப் பையன் யாரென்று கேட்டானாம். காலில் எலும்பு தெரியும் புண். அவள் வெள்ளைச் சேலையோடு வெளியே வந்தவள், உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பேய் என்று அல்ல. அந்தக் கோலத்தில் அவர் தன்னைப் பார்த்துவிட்டாரே என்று. இவை எனக்குப் பிறர் சொன்னவை. நான் அங்கே போகவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

மாரியம்மன் கோவிலில் மஞ்சள் கயிற்றால் மறுபடி தாலி கட்டினார்கள். அதற்கும் நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பிள்ளைகள் உட்காரும் பலகையில் மெதுவாக உட்கார்ந்து, புண் பட்ட காலை நீட்டிக்கொண்டார்.

"தோட்டத்துல எல்லாரும் பாத்துட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கல. படம் எப்படி வாத்தியாரே?"

கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. அத்தனை பேர் கருத்தையும் கேட்டவன் நான். என் கருத்தை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். என் வாயிலிருந்து உண்மைதான் வந்தது. அந்தக் குதிரைகள், அந்த மழை, அந்தப் பெண் அழாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

"நாலு வாட்டி சோறு வந்துச்சாமே?"

"ஆமாம், நாலு."

அவர் காலைத் தடவிக்கொண்டார்.

"என் கருமாதிச் சோறு? அது எப்படி?"

நான் எழுந்து கரும்பலகையைத் துடைத்தேன். அவர் விடவில்லை. "சும்மா சொல்லுங்க. நான்தான் சாப்பிடலியே."

"அதுவும் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். "போதும்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் பிடித்துத் தூக்க நீட்டிய கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு போனார்.