பஸ்ஸில் கேட்ட என் குரல்

போன வாரம் இந்த இடத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? 'என்னம்மா, ஆளையே காணோம்?' என்று சிலர் மெயில்கூட அனுப்பியிருந்தீர்கள். பத்திரிகை ஆசிரியரிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன்.

காய்ச்சல் இல்லை. பயம்.

பயத்துக்கு லீவு கேட்டால் யாராவது கொடுப்பார்களா என்ன?

இப்போதும் முழுசாகப் போய்விடவில்லை. இதை டைப் அடிக்கும்போது வாசலில் ஒரு பைக் போனது. கை தானாக நின்றது. பைக் போய்விட்டது. சரி, தொடருவோம்.

தேர்தல் வந்தால் எங்கள் போர்ட் பிளேர் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே பிரச்சார ஆட்டோ, நாலு பாஷை. லம்பா லைன் பகுதிக்குள் நுழையும்போது இந்தி, மேட்டில் ஏறும்போது பெங்காலி, எங்கள் தெருமுனையில் தமிழ், திரும்பிப் போகும்போது தெலுங்கு. அந்தமானுக்குச் சட்டசபை கிடையாது. இத்தனை தீவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. அதனால் எம்.பி. தேர்தல் என்றால் எங்களுக்கு அது மட்டும்தான் பெரிய தேர்தல்.

எனக்கு வயது இருபத்தாறு. 'உனக்கு எந்தக் கட்சி?' என்று கேட்பவர்களிடம் 'கப்பல் கட்சி' என்பேன். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. கப்பல் நேரத்துக்கு வந்தால் எங்கள் வீட்டில் சந்தோஷம், வராவிட்டால் அழுகை. இதைவிட வேறென்ன அரசியல் வேண்டும்?

இந்தத் தடவை அழுகைதான். அப்பாவின் தங்கை, என் அத்தை, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் இருக்கிறார். சர்க்கரை வியாதி. காலில் புண் வந்து, விரல் கறுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு போர்ட் பிளேர்தான் வரவேண்டும். துணைக்குப் போன அம்மாவும் அங்கேயே மாட்டிக்கொண்டார். கடல் சரியில்லை, கப்பல் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் மைதானத்தில் கூட்டம். பால் வாங்கப் போனவள் நின்று கேட்டேன். மெயின்லேண்டிலிருந்து பெரிய பெரிய ஹோட்டல்கள் வரப்போகின்றன, எல்லாருக்கும் வேலை என்று வேட்பாளர் பேசினார். கடைசியில் மைக்கை நீட்டி, 'யாராவது ஏதாவது கேக்கணுமா?' என்றார். கேட்பதற்காகக் கேட்கிற கேள்வி இல்லை அது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனாலும் கை தூக்கிவிட்டேன்.

எங்கள் ஊர் வழக்கப்படி இந்தியில்தான் கேட்டேன். அத்தையின் காலைப் பற்றிச் சொன்னேன். கடல் மோசமானால் நோயாளிகளுக்கு வேறு வழி என்ன என்று கேட்டேன். பிறகு இந்த ஒரு வரி: "ஹோட்டல் நஹீ சாஹியே, ஐஸா நஹீ போல் ரஹீ ஹூ. பெஹ்லே ஜஹாஜ் சாஹியே." ஹோட்டல் வேண்டாம்னு சொல்லலை, முதல்ல கப்பல் வேணும்.

அவ்வளவுதான். கொஞ்சம் கைதட்டல். வேட்பாளர் சிரித்தபடி, "நோட் கர் லியா, பேட்டி" என்றார். குறிச்சுக்கிட்டேன், மகளே. பால் பாக்கெட்டோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் அப்பா. எனக்கு முன்னாடியே செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"ஏன் புள்ள ஒனக்கு இந்த வேல?"

"கேட்டா என்னப்பா?"

"நம்மள கொண்டாந்து வச்சாங்க புள்ள. கொண்டாந்து வச்ச எடத்துல கேள்வி கேக்கக் கூடாது."

அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னப் பையனாக, அரசாங்கம் குடியேற்றிய குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். கச்சாலில் ரப்பர் பால் வெட்டி, இங்கே வந்து இப்போது ஒரு கிடங்கில் வாட்ச்மேன். ஐம்பது வருஷம் போல ஆகிறது. இன்னமும் விருந்தாளி மாதிரியேதான் உட்காருவார் — நாற்காலியின் நுனியில்.

"அப்பா, நான் இங்கயே பொறந்தவ."

அவர் கேட்டைச் சாத்தினார்.

மறுநாள் காலை. அபர்டீன் பஜாருக்குப் போகிற டவுன் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டில் யாரோ போனில் வீடியோ பார்த்தார்கள்.

"ஹோட்டல் நஹீ சாஹியே!"

என் குரல்.

சில நொடி எனக்கே புரியவில்லை. மறுபடியும் — "ஹோட்டல் நஹீ சாஹியே!" அதோடு நின்றது. மீதி வரியைக் காணோம். வெட்டியிருந்தார்கள். அதற்கு மேல் ஒரு பாட்டு, சிரிக்கிற பொம்மைகள். பின் சீட்டில், "யே லட்கி கோன் ஹை?" என்றது ஒரு குரல். யார் இந்தப் பெண்? இன்னொரு குரல், "வேலை வர்றதைக் கெடுக்கறதுக்குன்னே வருதுங்க" என்று தமிழில் சொன்னது.

தமிழில் சொன்னதுதான் அதிகமாகச் சுட்டது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேயே பார்த்தேன். கடல் தெரிந்தது, கட்டடம் தெரிந்தது... எதையும் பார்க்கவில்லை. இறங்கும்போது கண்டக்டர் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். பார்த்தாரா? தெரியாது. அன்றிலிருந்து எல்லாருமே ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

நான் வேலை செய்வது ஒரு டிராவல்ஸில். டூரிஸ்ட்டுகளுக்கு ரூமும் போட் டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கிற வேலை. ரூம் எங்கே இருக்கும்? ஹோட்டலில்! விளங்கியதா என் நிலைமை?

முதலாளி பெங்காலி, அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம் வர, தாதா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். அன்று எனக்காகவே காத்திருந்தார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"முழு பேச்சையும் நான் கேட்டேன். நீ தப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா ரெண்டு ஹோட்டல்காரங்க போன் பண்ணிட்டாங்க. கொஞ்ச நாள் வீட்ல இரு. எலெக்‌ஷன் முடியட்டும்."

"வேலை போச்சா தாதா?"

"அரே, நான் அப்படிச் சொன்னேனா? உன் நல்லதுக்குத்தான்..."

வெளியே வந்தேன். வெயிலில் பஜாரே சாதாரணமாக இருந்தது. மீன் விற்றது, ஆட்டோ கத்தியது. எனக்கு மட்டும் அங்கே வேலை இல்லை.

வீட்டில் தம்பி தினேஷ். எங்கள் குடும்பத்தில் முதல் முறையாக அரசு வேலைக்குத் தேர்வானவன். போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்றுதான் பாக்கி. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, முழு வீடியோ உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. எதிர்வீட்டுப் பெண் எடுத்து அனுப்பியிருந்தாள். அதை எல்லா குரூப்பிலும் போட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலிருந்தே துடித்துக்கொண்டிருந்தேன்.

"போட்றாத" என்றான். "என் வெரிஃபிகேஷன் முடியட்டும். கையெடுத்துக் கும்பிடறேன்."

உண்மையாகவே கும்பிட்டான். இருபத்திரண்டு வயசுப் பையன், சொந்த அக்காவை.

விரல் போன் மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் பைக் வந்தது.

நான் சமையலறையில் இருந்தேன். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் பைக் நின்றது. இரண்டு ஆண்குரல். "வோ வீடியோ வாலி லட்கி கா கர் யஹீ ஹை?" அந்த வீடியோப் பெண்ணின் வீடு இதுதானா?

கேஸை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை. கொதிக்கிற சத்தம்கூட என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியிருக்கலாம்.

அப்பா கேட் வரைக்கும் போனார். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"யஹா கோயீ லட்கி நஹீ ரெஹ்தி."

இங்கே பெண் யாரும் இல்லை.

கொடியில் என் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் என் செருப்பு கிடந்தது. வந்தவர்களுக்குக் கண் இல்லையா? பிறகு பைக் கிளம்பியது. அப்பா உள்ளே வந்து, செருப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் யார்? இன்றுவரை தெரியாது. அடிக்க வந்தவர்களா? பாராட்ட வந்தவர்களா? அவர்கள் வீட்டிலும் ஒரு அத்தை கப்பலுக்குக் காத்திருக்கிறாரா? பயம் வந்த வீட்டில் யாரும் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. முதலில் கேஸை அணைத்துவிடுகிறோம்.

அதற்குப் பிறகு நான் வெளியே போகவில்லை. போன வாரப் பத்தியும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால், எந்த வரியை எங்கே வெட்டுவார்கள் என்றுதான் யோசனை போனது. 'மழை வேண்டாம்னு சொல்லலை' என்று எழுதினால் 'மழை வேண்டாம்' ஆகிவிடுமோ? 'நான் யாரையும் வெறுக்கவில்லை' என்று எழுதவே முடியாது போலிருக்கிறதே! நம் பாஷையில் 'இல்லை' கடைசியில் அல்லவா வருகிறது?

கடைசியில் கடல் அடங்கி, கப்பலும் வந்தது. அத்தையையும் அம்மாவையும் இறக்க அப்பாவும் தினேஷும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஜெட்டியில் கூட்டம் இருக்குமே? அத்தனை பேர் முன்னால் எந்தக் கப்பலைக் கேட்டேனோ, அது வந்தபோது போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அத்தையின் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியது. அம்மா துணைக்கிருக்க, ஆஸ்பத்திரியில் இருந்து அத்தை போனில் பேசினார்.

"எங்காலு போன்லயெல்லாம் வந்திச்சாமே புள்ள?"

அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள் அத்தை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா அத்தை" என்றேன். அவர் சிரித்தார். அந்த வாரத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு.

ஒன்று கவனித்தீர்களா? இத்தனை நாளில் என்னை ஒருவர்கூட மிரட்டவில்லை. வேட்பாளர் சிரித்தார். தாதா தண்ணீர் கொடுத்தார். தம்பி கும்பிட்டான். அப்பா என்னை இல்லாமலே ஆக்கினார். எல்லாம் அன்பில். மிரட்ட வேண்டியவர்களுக்கு வேலையே வைக்காமல், நம்மை நேசிக்கிறவர்களே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

ஓட்டுப்போடும் நாள் வந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பாதான் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"போவோம் புள்ள. வராட்டி அதுக்கும் பேசுவாங்க."

பாருங்கள், ஓட்டுப்போடப் போனதுகூடப் பயத்தில்தான்!

பள்ளிக்கூடம்தான் சாவடி. பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்து நின்றேன். மை வைத்தார்கள். பட்டனை அழுத்தினேன். அந்த மறைப்புக்குள் நின்ற கொஞ்ச நேரம்தான், பல நாளுக்குப் பிறகு என்னை யாரும் பார்க்காத நேரம். வெளியே வரவே மனசில்லை.

திரும்பும் வழியில், சாவடியிலிருந்து தள்ளிப் போட்டிருந்த கட்சி மேஜையில் முன்னா பய்யா உட்கார்ந்திருந்தார். எங்கள் பகுதியில் அந்த வேட்பாளருக்கு வேலை செய்கிறவர். அப்பாவைப் பார்த்ததும் கை ஆட்டினார்.

"அண்ணா! பேட்டி கோ சம்ஜா தியா நா?" பெண்ணுக்குப் புத்தி சொல்லிட்டீங்கள்ல?

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். முதலாளிகள், அதிகாரிகள் முன்னால் சிரிக்கிற சிரிப்பு. சிரித்துவிட்டு நடந்துவிடுவார் என்று நினைத்தேன்.

நடக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சம்ஜாயா, பய்யா" என்றார். "லேகின்... ஜஹாஜ் தோ சாஹியே."

சொன்னேன், பய்யா. ஆனா... கப்பல் வேணும்தானே.

மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்னா பய்யா அப்பாவையே பார்த்தார். சிரிப்பு பாதியில் அப்படியே நின்றது. பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"தேகேங்கே."

பார்க்கலாம்.

கப்பலைப் பார்க்கலாமா, எங்களைப் பார்க்கலாமா? அந்த வார்த்தையை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. தினேஷின் வெரிஃபிகேஷனுக்கு இன்னும் ஆள் வரவில்லை. தாதா இன்னும் கூப்பிடவில்லை. இரண்டுக்கும் காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

திருப்பம் தாண்டியதும் அப்பா நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"நா என்னா சொல்லிட்டேன் புள்ள?"

"சரியாத்தாம்ப்பா சொன்னீங்க."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

மறுபடி நடந்தோம். பின்னால் ஒரு பைக் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஓரமாக ஒதுங்கினோம். பைக் தன் பாட்டுக்குப் போனது. அப்பா மெல்லக் கேட்டார்.

"ஓட்டு யாருக்குப் போட்ட?"

"அது ரகசியம்ப்பா."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"அதுதான் நல்லது. எங்கிட்டகூடச் சொல்லாத. சத்தியமா?"

சத்தியம் செய்து கொடுத்தேன். இந்தத் தேர்தலில் கொடுத்த வாக்குறுதிகளில் நிச்சயமாக நிறைவேறப்போவது அது ஒன்றுதான்!